மேயரின் வீடு யாருடையது?

ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர் எத்தகைய வீட்டில் வாழலாம் என்பது பழைய தத்துவக் கேள்வி. பிளேட்டோவின் விடை கடுமையானது. நகரை ஆளும் காவலர்களுக்குச் சொந்த வீடே கூடாது. விரும்பியவர் எவரும் உள்ளே வர முடியாத இருப்பிடம் அவர்களுக்கு இருக்கலாகாது என்கிறது அவரது 'குடியரசு'.

சிசரோ கி.மு. 44இல் எழுதிய 'கடமைகள்' இதை வேறு விதமாக அணுகுகிறது. பலரும் வந்துபோவதால் பதவியில் உள்ளவருக்கு விசாலமான வீடு தேவைதான். ஆனால் மனிதரால் வீட்டுக்குப் பெருமை சேர வேண்டும், வீட்டால் மனிதருக்கு அல்ல. இதற்கு அவர் காட்டும் சான்று அழுத்தமானது. ரோமின் பலடைன் குன்றில் அழகிய வீடு கட்டிய ஆக்டேவியஸ் தம் வீட்டுக்குக் கான்சல் என்னும் உயர் பதவியைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அதை இடித்துத் தம் மாளிகையை விரிவாக்கிய ஸ்காரஸ், பெரிதான அந்த வீட்டுக்குத் தோல்வியையும் அவமானத்தையுமே கொண்டுவந்தார்.

நியூயார்க் நகரத்துக்கு இந்தக் கேள்வி 20ஆம் நூற்றாண்டில்தான் நேரடியாக எழுந்தது. வணிகர் ஆர்ச்சிபால்ட் கிரேசி 1799இல் ஈஸ்ட் ஆற்றங்கரையில் கட்டிய மரவீடு, 1896இல் வரி பாக்கியால் நகராட்சியின் கைக்கு வந்தது. பூங்காவின் நடுவே நின்ற அவ்வீடு பொதுக் கழிப்பறையாகவும் ஐஸ்கிரீம் கடையாகவும் பயன்பட்டது. பின்னர் சில ஆண்டுகள் நகர அருங்காட்சியகமும் அங்கே இருந்தது. நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸின் வற்புறுத்தலால் 1942இல் அது மேயரின் அதிகாரபூர்வ இல்லமானது. முதலில் குடியேறியவர் ஃபியோரெல்லோ லாகார்டியா. அதற்கு முன் ஈஸ்ட் ஹார்லெமில் ஒரு சாதாரண அடுக்ககத்தில் வாழ்ந்தவர். எஃகு ஆலை முதலாளி சார்லஸ் ஷ்வாபின் 75 அறை மாளிகை இதே தேவைக்குப் பேசப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். சிசரோவின் அளவுகோலில் அந்த மறுப்பு சரியே.

பழைய வீட்டைத் தேர்வதில் ஓர் அறநன்மை உண்டு. தமக்கு முன்னும் பின்னும் அங்கே வாழ்வோர் உண்டென்று அறிந்தவர் அதைத் தம் உடைமையாகக் கருதுவது கடினம். மைக்கேல் புளூம்பெர்க் 2002 முதல் 2013 வரை மேயராக இருந்தும் அங்கே குடியேறவில்லை. அதனால் வீட்டின் பொதுப் பயன் குறைந்துவிடவுமில்லை.

எனினும் பழமை எல்லாமே பெருமையல்ல. கிரேசி வீடு கட்டியபோது நியூயார்க்கில் அடிமைமுறை சட்டப்படி செல்லுபடியாக இருந்தது. அதைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் அதே 1799இல்தான் நிறைவேறியது. முழு விடுதலைக்கு 1827 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகைய வீட்டை மேயருக்கு ஒதுக்கும் நகரம் அந்த வரலாற்றையும் அங்கேயே சொல்ல வேண்டும். மக்களுக்கு அதன் கதவுகளைத் திறந்தும் வைக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையென்றால் வேறு வீடு தேடுவதே நேர்மை.