பூனை சுமக்கும் பழி

தேயிலைத் தோட்டத்து லயங்களைக் கண்டவர்கள் அங்குத் திரியும் பூனைகளையும் கண்டிருப்பர். ஓர் அடுப்படியில் பிறந்து, இன்னோர் அடுப்படியில் வளர்ந்து, எவருக்கும் உடைமையாகாமல் எல்லாருடைய மிச்சத்தையும் உண்டு வாழும் பிராணி அது. எலியைப் பிடிக்கும் வரை அதற்கு வரவேற்பு. குழந்தைக்கு வயிற்று நோய் என்றதும் அதற்குக் கல்லடி. பூனையின் குடலில் புழு இருக்கிறது, அது மனிதருக்கும் தொற்றும் என்று படித்தவர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பூனையை ஒழியுங்கள் என்பது ஒரு தீர்ப்பு. பூனையை அண்டவிட்ட அந்த அசுத்தமான மக்களைத் திருத்துங்கள் என்பது மற்றொரு தீர்ப்பு.

இவ்விரு தீர்ப்புகளும் நியாயமானவைதாமா? இதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம். பார்வைக்கு இது சுகாதாரம் பற்றிய சிறு கேள்வி. சற்று ஆழ்ந்து நோக்கினால், பொறுப்பு என்பது யாது, அது யாருக்கு உரியது என்னும் அறவியலின் பழைய கேள்வியே பூனையின் வடிவில் நம் முன் வந்து நிற்பது புலனாகும்.

முதலில் உண்மைகளை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். தெருப்பூனையின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகளுள் மூன்று மனிதருக்குக் கேடு விளைக்கக்கூடியவை. ஒன்று, டொக்சோகாரா என்னும் வட்டப்புழு. குட்டி தாயின் பாலோடு இதைப் பெறுகிறது. புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொற்றும் நிலையை அடைந்து, ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அவை சென்றால், குடம்பிகள் ஈரலிலும் சுவாசப்பையிலும் அலையும்; சில வேளைகளில் கண்ணையும் கெடுக்கும்.

இரண்டாவது டொக்சோபிளாஸ்மா. இது புழுவன்று, கண்ணுக்குத் தெரியாத தனிக்கல உயிரி. 1908இல் தூனிஸ் நகரில் ஒரு கொறிபிராணியின் உடலில் இதைக் கண்டார்கள். ஆனால் பூனையின் குடலே இதன் இனப்பெருக்கத்துக்கு உரிய இடம் என்பது உறுதிப்பட 1970ஆம் ஆண்டளவாகியது. பெரும்பாலோருக்கு இது ஊறு செய்வதில்லை. கருவுற்றிருக்கும் ஒரு பெண்ணுக்கு அப்போதுதான் முதன்முறையாகத் தொற்றுமாயின், வயிற்றிலுள்ள சிசுவின் மூளையையும் கண்ணையும் அது தாக்கக்கூடும்.

மூன்றாவது கொழுக்கிப்புழு. இதன் கதை நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. கெய்ரோ நகரில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், இப்புழுவின் குடம்பிகள் நிறைந்த நீர் தற்செயலாகத் தம் கைமீது சிந்தியதன் விளைவாக, அவை தோலைத் துளைத்து உடலுக்குள் புகும் என்பதைக் கண்டறிந்தார். அதே லூஸ் 1911இல், இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலிலிருந்து எடுக்கப்பட்ட புழு ஒன்றைப் புதிய இனமென விவரித்து, அதற்கு அன்சைலொஸ்டோமா சிலானிக்கம் என்று இந்நாட்டின் பெயரையே சூட்டினார். 1913இல் கிளேட்டன் லேன் என்னும் வைத்தியர் வங்காளத்தில் மனிதரிடமும் அது இருப்பதை எடுத்துக் காட்டினார். பின்னர் நெடுங்காலம் வேறோர் இனத்தோடு சேர்த்துக் குழப்பப்பட்டு, 1951இல் பியொக்கா என்னும் இத்தாலிய ஆய்வாளரால் அது மீண்டும் பிரித்தறியப்பட்டது. வீட்டுப் பூனையிலும் நாயிலும் வாழும் இப்புழு மனிதக் குடலிலும் முழு வளர்ச்சி அடைந்து இரத்தத்தை உறிஞ்ச வல்லது.

ஆகவே பூனையால் ஆபத்து உண்டு. அதை மறுப்பது அறிவுடைமையாகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேற்சொன்ன மூன்றுக்கும் பொதுவான இடைவழி ஒன்று இருக்கிறது. வட்டப்புழுவின் முட்டை மண்ணில் முதிர்கிறது. டொக்சோபிளாஸ்மாவின் உறைச்சிதல் வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாட்கள் கழிந்த பின்னரே தொற்றும் வலிமை பெறுகிறது. பின் மண்ணிலும் நீரிலும் காத்துக் கிடக்கிறது. கொழுக்கிப்புழுவின் குடம்பி ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் வளர்ந்து, வெறுங்காலுக்காகக் காத்திருக்கிறது. பூனையைத் தொட்டதனால் வரும் நோயன்று இது; பெரும்பாலும் மண்ணைத் தொட்டதனால் வரும் நோய். அப்படியானால் கேள்வியும் மாறிவிடுகிறது. பூனை யாருடையது என்பதைவிட, மண் யாருடையது என்றல்லவா நாம் கேட்க வேண்டும்?

மலையகத்தில் இக்கேள்வி நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் ஸ்தாபனம், தோட்டத் தொழிலாளரிடையே கொழுக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தை மாத்தளைப் பகுதியில் தொடங்கியது. அன்று தொழிலாளரின் இரத்தத்தை உறிஞ்சியது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவும் இனந்தான். ஆயினும் அதன் வழியும் மண்வழியே. ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து புகட்டப்பட்டது, புழு வெளியேறியது. சில மாதங்களில் அது திரும்பவும் வந்தது. மலசலகூடங்கள் இல்லாத லயங்களைச் சூழ்ந்த மண் அப்படியே இருந்தது. தொழிலாளி அதே மண்ணில் வெறுங்காலோடு கொழுந்து பறித்தார். மலசலகூடம் கட்டுவதற்குச் செலவாகும் என்று தோட்ட உடைமையாளர் பலர் தயங்கினர். புழு தென்னிந்தியாவிலிருந்து கூலிகளோடு வந்ததென்று கூறுவது அதைவிட எளிதாகவும் மலிவாகவும் இருந்தது.

அன்று பழி கடல் கடந்து வந்த தொழிலாளிமேல் விழுந்தது. இன்று பூனைமேல் விழுகிறது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை யாது? இருவரும் எதிர்த்து வாதாட முடியாதவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் இழந்தனர். பேசும் உரிமை இல்லாதவனிடம் பழியைச் சேர்ப்பதில் எவருக்கும் செலவில்லை.

பூனைகளைக் கொன்றுவிட்டால் என்ன? லயத்தில் பூனை ஏன் வாழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூரையிலும் அடுப்படியிலும் எலி இருப்பதால் வாழ்கிறது. பூனையை அகற்றினால் எலியை எதிர்க்க எஞ்சியிருப்பதும் போய்விடும். எலிக்காய்ச்சல் இந்நாட்டில் எத்தனை உயிர்களைக் குடிக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. காலியான இடத்துக்கு அடுத்த லயத்துப் பூனை வந்து சேரும். மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் முட்டைகளோ பூனை இறந்ததைக் கேட்டு இறந்துவிடப் போவதில்லை. கொலை நடந்திருக்கும், குறை தீர்ந்திராது.

இனி இரண்டாவது தீர்ப்புக்கு வருவோம். சோப்பிட்டுக் கைகழுவுங்கள், செருப்பணியுங்கள், கீரையை நன்றாக அலசுங்கள், நீரைக் கொதிக்க வைத்துப் பருகுங்கள் என்கிறார்கள். இவையாவும் மருத்துவ நோக்கில் முற்றிலும் சரியான அறிவுரைகள். ஆனால் ஓர் அறிவுரை உண்மையாக இருப்பது வேறு. அதைச் சொல்லிவிட்டதால் சொன்னவர் தம் கடமையை முடித்துக்கொண்டவராவது வேறு. பல குடும்பங்கள் ஒரே பீலியில் நீர் பிடிக்கும் இடத்தில், கைகழுவு என்பது எத்தனை முறை நிறைவேறும்? சரிவான மலையில், மழையில் நனைந்த வழுக்கு மண்ணில், எந்தச் செருப்போடு கொழுந்து பறிப்பது? லயத்தின் பின்புறம் கையளவு நிலத்தில் கீரை போட்டிருப்பவள், பூனை மலம் புதைப்பதற்கென வேறோர் இடத்தை எங்கிருந்து ஒதுக்குவாள்?

செய்ய வேண்டும் என்று ஒருவனைப் பணிக்கும்போது, அவனால் அதைச் செய்ய இயலும் என்பதும் அப்பணிப்பில் அடங்கியிருக்க வேண்டும் என்று ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் கருதினார். இயலாததைக் கடமையென்று விதிப்பது அறமாகாது. ஆனால் நம் சமுதாயத்தில் இதற்கு நேர்மாறான ஒரு தந்திரம் வழக்கத்தில் இருக்கிறது. இயலாததைக் கடமையென விதிப்பது. அது நிறைவேறாதபோது, நாம் அன்றே சொன்னோமே என்று கையைத் துடைத்துக்கொள்வது. இவ்வாறு அறிவுரை, பொறுப்பை வலியவனிடமிருந்து எளியவனுக்கு மாற்றி எழுதும் உறுதிப் பத்திரமாகிவிடுகிறது.

இத்தந்திரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஊவா மாகாணம் ஓர் எடுத்துக்காட்டை இரத்தத்தால் எழுதி வைத்திருக்கிறது. பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை என்று பேரழிவின் பின் சொன்னவர்கள் இருந்தார்கள். எங்கே போவது? தலைமுறைகளாக உழைத்த மண்ணில் ஒரு சாண் நிலமும் சொந்தமில்லாதவன், லயக் காம்பராவை விட்டு வெளியேறினால் தொழிலையும் இழக்க நேரிடுபவன், எந்தக் காணியில் குடிசை போடுவான்? தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பின்னர் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதமாயிற்று.

மலைச்சரிவையும் பூனையின் புழுவையும் ஒரே தராசில் நிறுப்பதா என்று சிலர் கேட்கலாம். அழிவின் அளவில் அவை ஒப்பானவையல்ல. அறத்தின் அமைப்பில் ஒப்பானவை. ஒன்று ஒரு காலைப் பொழுதில் கொல்கிறது. மற்றது குழந்தையின் இரத்தத்தை ஆண்டாண்டாக மெல்லக் குடித்து, வகுப்பில் சோர்ந்து உட்கார வைக்கிறது. இரண்டிலும் ஆபத்து முன்கூட்டியே அறியப்பட்டிருக்கிறது. இரண்டிலும் அறிந்தவர் சொல்லியிருக்கிறார். இரண்டிலும் கேட்டவருக்கு அதன்படி நடக்க வழி இல்லை. அறியப்படாத ஆபத்தை இயற்கை என்கிறோம். அறிந்த பின்னும் விட்டுவைக்கப்பட்ட ஆபத்துக்கு அப்பெயர் பொருந்தாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பது பழமொழி. இங்குக் கண்ணை மூடிக்கொண்டிருப்பது பூனையன்று.

அவ்வாறாயின் தனிமனிதருக்குக் கடமையே இல்லையா, எல்லாவற்றையும் சமுதாயத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? இது நேர்மையான ஆட்சேபம். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் அது ஒவ்வொருவருடைய ஆற்றலின் அளவுக்கு உண்டு. சோறூட்டுமுன் குழந்தையின் கையைக் கழுவுவது தாயால் இயலும். அது அவள் கடமை. கருவுற்ற பெண் பூனையின் மலத்தை அள்ளாமலிருக்க, வீட்டிலுள்ள ஆண் அவ்வேலையை நாள்தோறும் ஏற்றுக்கொள்வது இயலும். அது அவன் கடமை. புழுவின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து, பரீட்சைக்கு அப்பாலும் அதற்குப் பொருள் உண்டு என்று உணர்த்துவது ஆசிரியரால் இயலும். ஆனால் நீர்க்குழாய் போடுவதும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் மலசலகூடம் அமைப்பதும், லயத்தை இடித்து வீடு கட்டுவதும், காலுக்குத் தகுந்த காலணி வழங்குவதும் நாட்கூலி பெறும் ஒரு பெண்ணால் இயலுமா? நிலம் அரசுடையது, 1992 முதல் அதை நடத்திப் பயன் பெறுவது கம்பனிகள். மண்ணின் விளைச்சலை எடுத்துக்கொள்பவர் மண்ணின் நோய்க்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது எளிய கணக்கு. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியுடன் தனி வீடு என்னும் கொள்கை ஏற்கப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். ஆனால் இன்னும் லயங்களிலேயே வாழ்வோர் ஏராளம்.

பூனைக்கும் நமது கணக்கில் ஓர் இடம் உண்டு. அதன் குடலிலுள்ள புழுக்களை விலை குறைந்த மருந்தால் அகற்ற முடியும்; கருத்தடை செய்து அதன் தொகையைக் கட்டுப்படுத்த முடியும். கால்நடை வைத்தியர் ஒருவர் ஆண்டில் சில முறை தோட்டத்துக்கு வருவது எட்டாத கனவன்று. பூனையின் நோயைத் தீர்ப்பது செல்வந்தரின் பொழுதுபோக்கு இரக்கம் என்று எண்ணுவது தவறு. ஒரே மண்ணை மிதிக்கும் உயிர்களுள் ஒன்றை நோயில் விட்டுவைத்து, மற்றொன்றை மட்டும் நலமாக வைத்திருக்க இயலாது என்பதை ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டமே நமக்குக் கற்பிக்கிறது.

1848இல் மேல் சிலேசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயச் சென்ற இளம் வைத்தியர் விர்ச்சோ, மருந்துப் பட்டியலை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பவில்லை. அம்மக்களுக்குக் கல்வியும் சுதந்திரமும் வாழ்க்கை வசதியும் வேண்டும் என்று எழுதினார். ஆள்வோருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் மருத்துவ வரலாறு அவர் பக்கமே நின்றது.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்டு எலிகள் கூட்டம் போட்டுக் கலைந்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மலையகத்தில் மணி கட்டப்பட வேண்டியது பூனைக்கு அன்று. இனி எவரேனும் ஒருவர் தோட்ட மக்களுக்குச் சுகாதாரத்தைப் போதிக்க முன்வருவாராயின், அவரிடம் நாம் பணிவோடு, ஆனால் விடாமல், ஒரு கேள்வியைக் கேட்போம்: நீங்கள் சொல்வதைச் செய்வதற்கு வேண்டிய நீரையும் நிலத்தையும் எப்போது தருவீர்கள்?