புல்லணையின் ஏற்றம்

ஸ்ரீ:

திருப்பாற்கடலில் ஆதிசேஷனை அணையாகக் கொண்டு பள்ளிகொள்ளும் எம்பெருமான், ஸ்ரீராமாவதாரத்தில் தர்ப்பைப் புல்லைப் பரப்பி, அதன்மேல் 3 இரவுகள் கிடந்தான். சரணமென்று வந்த விபீஷணாழ்வானின் யோசனையை ஏற்று, ஸமுத்ரராஜனிடம் வழி வேண்டிக் கிடந்த திருக்கோலத்தை, இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணி திவ்யதேசத்தில் இன்றும் சேவிக்கலாம்.

எவரும் விதைக்காமல், ஆற்றோரத்திலும் ஏரிக்கரை ஈரத்திலும் தானே வளரும் புல்லுக்கு இவ்வேற்றம் எவ்வாறு வாய்த்தது? தாயின் அடிமைத்தளையை நீக்கப் பெரிய திருவடி கொணர்ந்த அமிர்தகலசத்தைக் குசப்புல்லின்மீது வைத்தார். அந்த ஸ்பரிசத்தால் புல் பவித்ரமாயிற்று என்கிறது மஹாபாரத ஆதிபர்வம். தியானத்திற்குரிய ஆசனத்தைக் கூறும் கண்ணனும், கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் குசம், மான்தோல், வஸ்திரம் என்று இதனையும் சேர்த்தே அருளினான்.

விரலில் பவித்ரமாகவும், கும்பத்தில் கூர்ச்சமாகவும், ஹோமகுண்டத்தைச் சுற்றிப் பரிஸ்தரணமாகவும் விளங்குவது இப்புல்லே. சுபகாரியத்திற்கு 2 தளங்கள், பித்ரு காரியத்திற்கு 3 தளங்கள் என்று பவித்ரத்திற்கு மரபு உண்டு. கிரகண காலத்தில் இல்லத்தரசிகள் உணவுப் பாத்திரங்களில் இதனை இடுவர். நீரடைப்பைத் தீர்க்க ஆயுர்வேதம் கூறும் திருணபஞ்சமூலத்தில் குசம், தர்ப்பை இரண்டின் வேர்களும் சேரும்.

ஒருவரையொருவர் குசலம் விசாரிக்கிறார்கள். கூரிய விளிம்புடைய குசத்தைக் கை அறுபடாமல் கொய்துவரத் தெரிந்தவனே குசலன் என்று பெரியோர் பதப்பொருள் உரைப்பர். கையையும் காத்து, புல்லையும் பெறுபவன் அவன். ஆவணி அமாவாசையன்று கொய்த தர்ப்பை ஓராண்டு வரை கர்மாக்களுக்கு உதவும் என்பதால், முன்னோர் வேண்டிய அளவே கொய்தனர். விட்ட தூரிலிருந்து புல் மீண்டும் துளிர்த்தது. அதன் ஆழ்ந்த வேர் கரை மண்ணை இறுகப் பற்றி நின்றது.

இன்றோ ஆற்றுமணலை அளவின்றி அள்ளியும், ஏரிக்கரைகளை ஆக்கிரமித்தும், குப்பையைக் கொட்டியும் பல ஊர்களில் அப்புல் முளைக்கும் இடத்தையே அழித்தாயிற்று. கட்டு கட்டாகக் கடையில் வாங்கிய புல்லை விரலில் அணிந்து ஸங்கல்பம் செய்பவர், அது வளர்ந்த கரையை மறந்தால், அவரை எங்ஙனம் குசலன் என்பது? மந்திரம் பிழையாமல் சொல்வதோடு, நீர்க்கரை பிழையாமல் காப்பதும் கைங்கர்யமே.

உத்ஸவத்திற்கு எழுந்தருளும் ஆஸ்திகர்கள் தத்தம் ஊரின் நீர்க்கரையில் ஒரு பகுதியையேனும் தூய்மையாகக் காக்க ஸங்கல்பித்துக்கொள்வார்களாக. பெருமாள் திருமேனி தீண்டிய புல்லுக்கு வேரூன்ற ஒரு சாண் ஈரமண் நிலைத்திருக்க, அவன் திருவருள் துணைநிற்பதாக.

சுபம்.