ஆன்பாலும் கன்றின் பங்கும்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் நடுநின்ற உயிரைப் பசு என்னும் பெயரால் நம் ஆசிரியர் வழங்கினர். கட்டுண்டு நிற்றலாகிய ஒப்புமையே அப்பெயர்க்குக் காரணம். தறியிற் கட்டுண்ட ஆ தன்னிச்சையாற் செல்லமாட்டாதவாறு, மலத்திற் கட்டுண்ட உயிரும் திருவருளாலன்றி விடுதலை பெறமாட்டாது. இவ்வுவமை வாயிலாகத் தன்னிலையை அறிந்துகொள்ளும் சைவர், உவமையாய் நின்ற அந்நாற்கால் உயிர் இன்று எந்நிலையிற் கட்டுண்டு நிற்கின்றது என்பதனைச் சிறிது நோக்குதல் கடனாம். நாள்தோறும் நாம் திருமுழுக்குக்கு ஏந்திச் செல்லும் பால் அதனிடத்தினின்றும் எவ்வாறு பெறப்படுகின்றது? அங்ஙனம் பெற்ற பால் இறைவன் திருமுடிக்கு ஏற்புடையதாமோ? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுதலாயது ஒரு படம். ஹர்ஷா ஆத்மகூரி என்னும் மருத்துவர் இயற்றி 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மா கா தூத்' என்னும் ஆவணப்படம் அது. பெயரின் பொருள் தாய்ப்பால் என்பது. பாரத நாட்டின் பால் தொழிலில் ஆவும் எருமையும் அவற்றின் கன்றுகளும் படும் பாட்டையும், அத்தொழிலால் நிலத்துக்கும் காற்றுக்கும் நேரும் கேட்டையும் அது எடுத்துக்காட்ட முற்படுகின்றது. இதற்கு நாற்பத்தேழு ஆண்டு முன்னர், 1976-இல், ஷியாம் பெனகல் இயற்றிய 'மந்தன்' என்னும் படமும் பாலைப் பற்றியதே. குசராத்து நாட்டுப் பாற்கூட்டுறவைச் சேர்ந்த ஐந்து லட்சம் உழவர் தலைக்கு இரண்டு ரூபாய் ஈந்து அதனை எடுப்பித்தனர். முன்னையது மாடு வளர்ப்போரின் துயரையும் எழுச்சியையும் கூறிற்று. பின்னையது மாட்டின் துயரைக் கூறுகின்றது. இரண்டும் மெய்யே. ஒன்றை ஏற்று மற்றொன்றைப் பொய்யென்று தள்ளுவது நடுவுநிலையாகாது.

ஆகவே நன்மையை முதற்கண் கூறுவாம். 1946-இல் கைரா மாவட்டத்திற் றோன்றிய கூட்டுறவு, இடைத்தரகர் கொள்ளையினின்றும் உழவரைக் காத்தது. 1970-இல் வர்கீசு குரியன் தலைமையில் தொடங்கி 1996 வரை நிகழ்ந்த பால்வெள்ளத் திட்டம் அம்முறையை நாடெங்கும் பரப்பிற்று. 1950-51-இல் 1.7 கோடி டன்னாக இருந்த இந்நாட்டின் ஆண்டுப் பால் விளைவு 2023-24-இல் ஏறத்தாழ 24 கோடி டன்னாயிற்று. உலகில் மிகுதியாகப் பால் விளைக்கும் நாடு இந்நாடே. மேற்குமலை அடிவாரத்தில் இராசபாளையத்தை அடுத்துள்ள எம் செட்டியார்பட்டி போன்ற ஊர்களில், மழை பொய்த்த ஆண்டிலும் அடுப்பில் உலை ஏறுவதற்கு ஒரு கறவை துணையாதல் கண்கூடு. அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-இற் புவிசார் குறியீடு பெற்றது. விறகடுப்பிற் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சருக்கரை சேர்த்துக் கிளறும் அத்தொழிலால் வாழும் குடிகள் பல. இவரெல்லாம் கொடியர் என்று கூறுவார் உளராயின் அவர் ஊரை அறியாதவரே.

இனி, மற்றைப் பக்கத்தை நோக்குவாம். ஆ, கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. ஏறத்தாழ 280 நாள் வயிற்றிற் சுமந்து ஈன்று, அக்கன்றின்பொருட்டே அது மடி சுரக்கின்றது. இடையறாது பால் வேண்டுமாயின் இடையறாது சினைப்படல் வேண்டும். ஆதலால் ஈன்ற சில திங்களிலேயே மீண்டும் சினையூசி போடப்படுகின்றது. பிறக்கும் கன்றுகளுட் பாதி ஆண். ஏர்த்தொழில் உழுபொறியின் கைப்பட்ட பின்னர், அக்காளைக்கன்றுக்கு உழவன் தொழுவில் வேலை இல்லை. அது குடிக்கும் பாலோ விலைப்பால். ஆகவே அது சிலவிடத்து அரைவயிற்றோடு கட்டப்பட்டு மெலிந்து மடிகின்றது. சிலவிடத்துத் தெருவில் விடப்படுகின்றது. சிலவிடத்து அடிமாடாய் விற்கப்படுகின்றது. பால் வற்றிய கிழ ஆவிற்கும் பெரும்பாலும் இதுவே முடிபு.

இது மிகைபடக் கூறியதன்று என்பதற்குக் கால்நடைக் கணக்கெடுப்பே சான்று. 2012-இல் ஏறத்தாழ 6 கோடியே 79 லட்சமாயிருந்த ஆண்மாடுகள் 2019-இல் 4 கோடியே 74 லட்சமாகக் குறைந்தன. அதே ஏழாண்டில் பெண்மாடுகளின் தொகை ஏறிற்று. தெருவில் திரியும் உடையவரற்ற மாடுகள் ஏறத்தாழ 50 லட்சம் என 2019-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகின்றது. இப்பொழுது கிடேரிக்கன்றே பிறக்குமாறு வித்தைப் பிரித்தெடுத்துச் செலுத்தும் முறையும் வந்துளது. பிறந்த காளையைக் கொல்லுதலினும் அது பிறவாமற் செய்தல் நன்றென்பர். அஃது ஒருவாற்றான் உண்மையே. ஆயினும் காளைக்கு உலகில் இடமில்லை என்னும் தீர்ப்பு அதனால் மாறிற்றில்லை.

கன்றிழந்த ஆ பால் சுரக்க மறுத்தவழி, தோலில் வைக்கோல் அடைத்த பொய்க்கன்றைக் காட்டிக் கறத்தல் பழைய வழக்கு. தோற்கன்று என்னும் சொல் நம் பழைய நூல்களுக்குப் புதிதன்று. முன்னையோரெல்லாம் மாசற்றவர் என்று நாம் பெருமை பேசவும் இயலாது. இன்று சிலர் தோற்கன்றையும் விடுத்து, ஆக்சிடோசின் என்னும் மருந்தை ஊசியால் ஏற்றிப் பாலை இறக்குகின்றனர். குழலால் ஊதிப் பால் கறக்கும் பூக்கா என்னும் கொடுமையை 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டம் குற்றமாக்கியுளது. அக்கொடுமையைக் கேள்வியுற்ற காந்தியடிகள் 1912-இல் பாலை விலக்கினார். பின்னர் நோயுற்ற காலத்து, விரதம் பூண்டபொழுது ஆவையும் எருமையையுமே கருதினேன் எனத் தேறி ஆட்டுப்பால் கொண்டார். கொண்டும், விரதத்தின் சொல்லைக் காத்தேனேயன்றி அதன் உயிரைக் காத்திலேன் என்னும் வருத்தம் அவரை விட்டு நீங்கிற்றில்லை. பாலை விடுதல் எளிதன்று என்பதும், விடாமையும் எளிதாய்க் கழிவதன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

தீங்கு தொழுவோடு நில்லாது. அசைபோடும் விலங்கின் இரைப்பையிற் றோன்றும் மீத்தேன் என்னும் வாயு, நூறாண்டு அளவையில் நோக்குங்கால், கரிவளியினும் ஏறத்தாழ 28 மடங்கு மிகுதியாக உலகை வெதுப்புவது. மனிதர் செயலால் எழும் வெப்ப வாயுக்களுள் நூற்றுக்குப் பதினான்கரைப் பங்கு கால்நடைத் தொழிலைச் சார்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இற் கணித்தது. வைக்கோலும் வரப்புப் புல்லும் தின்று வாழும் ஒற்றை மாடும், தீவனத்தையே பயிர்செய்து ஊட்டும் பெரும் பண்ணையும் நீரையும் நிலத்தையும் ஒரே அளவில் உண்பனவல்ல. ஆயினும் பாலின் வேட்கை பெருகப் பெருகத் தீவனத்துக்கு இறைக்கும் நீரும் பெருகும் என்பதை, கிணறு வற்றுதல் அறிந்த எம் வட்டாரத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இனி, நம் நூல்களின் கருத்து யாது? பாலைச் சைவம் விலக்கிற்றில்லை. ஆனைந்து ஆடுதல் இறைவற்கு உவப்பென்பது திருமுறைகளின் துணிபு. ஆயின் அப்பால் எத்தகையது என்பதனைச் சண்டேசுர நாயனார் வரலாறு காட்டும். சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் அச்சிறுவர், தன்னை முட்டிய ஆவைக் கோலால் அடித்த இடையனைக் கண்டு உள்ளம் பொறாது, அவனை விலக்கி மேய்த்தற்றொழிலைத் தாமே ஏற்றார். அவரது அன்பினால் ஆக்கள் கொழுத்தன. தாமே கனைந்து சென்று பால் சொரிந்தன. மண்ணியாற்று மணலிற் செய்த இலிங்கத்துக்கு ஆட்டிய பால் அதுவே. உடையவர் வீட்டுக்கு உரிய பால் அதனாற் சிறிதும் குறைந்ததில்லை என்பதைச் சேக்கிழார் பெருமான் தெளியக் கூறியுள்ளார். ஆகவே அத்திருமுழுக்குக்கு முதல், அடி விலக்கிய இரக்கம். பால் அதன் பயன். முதலை நீக்கிப் பயனை மட்டும் கொள்ளுதல் அந்நாயனார் நெறியாகாது.

திருநீற்றின் திறத்தும் இதுவே கருத்து. நீறாக்குதற்குரிய சாணத்தை ஆராயும் நூல்கள் நோயுற்ற ஆவையும் கன்றிறந்த ஆவையும் விலக்கச் சொல்கின்றன. சாணத்துக்கே தாயும் கன்றும் நலமாயிருத்தல் வேண்டும் என்று விதித்தவர், பாலின் திறத்து அதனை வேண்டாவென்பரோ? திருவாரூரில் தேர்க்காலிற் பட்ட கன்றின்பொருட்டு ஆ மணியை அசைத்தபொழுது, மனுவேந்தன் அதனை விலங்கின் ஓலம் என்று தள்ளாது, மகவிழந்த தாயின் வழக்காக ஏற்றான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை உண்டு. அவன் மகன் கொன்றது ஒரு கன்றை, அதுவும் அறியாமல். நாம் அறிந்தே இழக்கச்செய்யும் கன்றுகளுக்கு மணி எங்கே உளது?

இவையெல்லாவற்றினும் என் நெஞ்சை உறுத்துவது நந்தியெம்பெருமான் திருமுன் நிற்கும்பொழுது எழும் எண்ணம். திருவில்லிபுத்தூர் மடவார்விளாகத்து வைத்தியநாதர் திருக்கோயிலாயினும் ஆகுக, இராசபாளையத்து மாயூரநாதர் திருக்கோயிலாயினும் ஆகுக, அவரை வணங்கி விடைபெற்றே உட்புகுகின்றோம். இறைவன் ஊர்தியும் விடை, கொடியும் விடை. அவ்விடையின் குலத்திற் பிறந்ததே குற்றமாகக் காளைக்கன்றைக் கழித்துப் பெற்ற பாலை, அவ்விடையின் தோளைக் கடந்து கொண்டுபோய் அதன் தலைவன் முடியிற் பெய்கின்றோம். பிரதோட காலத்தில் நந்திக்கே அதனை ஆட்டவும் செய்கின்றோம். இதனை எண்ணாதிருத்தல் இனி இயலுமோ?

அற்றேல், ஆவும் கன்றும் துய்ப்பது அவற்றின் பிராரத்த வினையன்றோ, அதனை மாற்ற நாம் யார் எனின்: அவ்வாறு கூறுதல் சித்தாந்தம் அறியாமையாம். துய்க்கும் உயிர்க்கு அது பிராரத்தமாயின், துய்ப்பிக்கும் உயிர்க்கு அதுவே ஆகாமியமாய் ஏறும். வினைக்கேற்ற பயனை ஊட்டுவிப்பவன் இறைவன். அவன் தொழிலை நாம் மேற்கொள்ளுதற்கு ஆணை பெற்றிலேம். பிறர் துன்பம் அவரவர் வினை என்று வாளாவிருத்தல் நெறியாயின், சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்தபோது ஆக்கள் கதறியது கண்டு, அவற்றின் துயர் தீர்த்தற்பொருட்டே அவனுடலிற் புகுந்த திருமூல நாயனார் செயல் பிழையாய் முடியும். அவர் அருளிய திருமந்திரத்தின் தோற்றத்துக்கே ஆவின் கண்ணீர் காரணமாயிற்று என்பதை மறவற்க.

பாலை அறவே விடுதல் வேண்டும் என்று படம் இயற்றினோர் போன்றார் கூறுகின்றனரே, அது கொள்ளத்தக்கதோ எனின்: விடவல்லார் விடுக, அவர் உயர்ந்தவரே. அவரை ஆசாரம் கெட்டவர் என்று நம்மவர் இகழ்தல் தகாது. ஆயின் குழவிக்கும் நோயாளிக்கும் பால் கொடுக்கும் தாயையும், ஒரு கறவையால் மகளைப் படிக்கவைக்கும் கைம்பெண்ணையும் நோக்கி அவ்விதியைக் கூறுதற்கு எனக்கு நாவெழவில்லை. அவர் தேவை சிறிது. பெருகி நிற்பது தேவையன்று; வேட்கையும் ஆரவாரமுமே. நடிகர் படத்துக்குக் குடம் குடமாகப் பாலூற்றுவாரை நாம் நகைக்கின்றோம். திருவிழாவிற் குடத்தின் எண்ணிக்கையை விளம்பரஞ் செய்து, பையிலடைத்த பாலை வெட்டி வெட்டிச் சாய்த்துச் சாக்கடையில் ஓடவிடும் நம் செயலை அவர் நகைத்தால் என்ன விடை கூறுவோம்?

இறைவன் பாலுக்கு ஏங்கினானல்லன். ஒரு பச்சிலையும் ஒரு கை நீரும் பூசனைக்குப் போதும் என்று அருளிய திருமூலரே, ஆவுக்கு ஒரு பிடி புல் ஈதலையும் அவ்வறத்தோடு சேர்த்து எண்ணினார். ஆதலின் சைவர் செய்யத்தக்கது இது: திருமுழுக்குக்குரிய பால் ஒரு சிறு கலமேயாயினும் ஆகுக, அது கன்று குடித்த பின் கறந்ததென்று அறிந்து கொள்க. அறிய இயலாதவிடத்துத் தூய நீரால் ஆட்டுக. மிச்சமாகும் பொருளைக் கோயிலின் ஆநிரைக் கொட்டிலுக்கு ஈந்து, அங்கே காளைக்கன்றும் பால் வற்றிய ஆவும் சாமளவும் தீனி பெறுமாறு செய்க. கோதானம் என்று ஓர் ஆவைக் கயிற்றோடு ஒப்புவித்துப் படம் எடுத்துக்கொண்டு மீளாமல், அது பின்னர் யாது ஆயிற்று என்று ஆண்டுதோறும் சென்று வினவுக. உழவர்க்கும் இதனால் இழப்பில்லை. கன்றுக்குப் பங்கு விட்டுக் கறப்பார்க்குக் கூடுதல் விலை கொடுத்தல் நம் கடமை என்று கொள்ளின், அறம் அவர்க்கு ஆதாயமாகவே முடியும்.

எத்துணைக் குடம் ஆட்டினோம் என்று இறைவன் கணக்கெடுப்பானல்லன். அப்பாலுக்கு உரிய கன்று உண்டதோ இல்லையோ என்பது அவன் அறிவான். அவனறிந்ததை நாமும் அறிந்து ஒழுகுதலே வழிபாடாவது.

திருச்சிற்றம்பலம்.