மாயையும் லோபமும்



கஷாயங்கள் நான்கனுள் குரோதமும் மானமும் முகத்திலேயே தெரிந்துவிடும். மாயையோ தன்னை மறைத்துக்கொள்வது. லோபத்திற்கு அரணாய் நிற்பது. இவ்விரண்டும் கூடி வாணிகம் செய்வதை இன்று காண்கிறோம். இயற்கைக்கு ஊறு செய்யும் தொழிலை மாற்றாமல், அதன்மேல் பச்சை நிறம் பூசுவதே அவ்வாணிகம்.

முன்னர் பிரிட்டிஷ் பெட்ரோலியம் எனப்பட்ட பி.பி. நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பச்சையும் மஞ்சளுமான மலர் போன்ற சின்னத்தை ஏற்று, ‘பெட்ரோலியத்திற்கு அப்பால்’ என விளம்பரம் செய்தது. வருவாயோ பெரும்பாலும் எண்ணெயிலும் எரிவாயுவிலுமே வந்தது. 2010 ஏப்ரல் 20இல் மெக்சிகோ வளைகுடாவில் அதன் கிணற்றைத் தோண்டிய மேடை வெடித்து, 11 தொழிலாளர் மாண்டனர். 87 நாள் கடலில் எண்ணெய் பெருகிற்று. வாயில்லா உயிர்கள் எத்தனை மடிந்தனவோ!

நமது ஐந்தாம் அணுவிரதம் ஆசையைக் குறை என்று பொதுவாகச் சொல்லி நின்றுவிடவில்லை. நிலம், வீடு, பொன், தானியம் என ஒவ்வொன்றிற்கும் அளவு குறிக்கச் சொல்கிறது. குறித்ததை மீறுவது அதிசாரம். அந்நிறுவனமும் 2020இல் ஓர் அளவு குறித்தது. 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 விழுக்காடு குறைப்பதாகச் சொல்லிற்று. அதனை வெறும் பூச்சென்று நாம் சொல்லமாட்டோம். எண்ணிட்டுச் சொன்ன சொல் அது. ஆனால் 2022இல் உக்ரைன் போரால் விலை ஏறியது, இலாபம் பெருகிற்று. 2023 பிப்ரவரியில் 40 என்பது 25 ஆயிற்று. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. எண்ணெய், எரிவாயுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் முதலீடு என்றாயிற்று. வருவாய் வரும் வழி மாறாதிருக்க, விரதம் மட்டும் எவ்வாறு நிற்கும்?

கூடுதல் ஆதாயம் கேட்டவர்கள் பங்குதாரர்கள். இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை சேரும் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டது. நம் இல்லங்களிலும் பங்குப் பத்திரமும் மியூச்சுவல் ஃபண்டும் இருக்கின்றன. இரவுணவை நீக்குகிறோம், கிழங்கை விலக்குகிறோம், நீரை வடிகட்டுகிறோம்; டிவிடெண்டு எந்த உயிரின் துன்பத்தில் விளைந்தது என்று வடிகட்டிப் பார்க்கிறோமா?

தசலக்ஷண பருவத்தில் மாயையை நீக்கும் உத்தம ஆர்ஜவத்திற்கு ஒரு நாளும், லோபத்தை நீக்கும் உத்தம சௌசத்திற்கு ஒரு நாளும் வருகின்றன. அதற்குள் உங்கள் முதலீட்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். மரமும் பறவையும் அச்சிட்ட வண்ணப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, எத்தொழிலில் எவ்வளவு வருவாய் என்னும் கணக்குப் பக்கத்தைப் பாருங்கள். ஆங்கிலம் கடினமாயின் பேரப்பிள்ளைகள் படித்துச் சொல்வர்.