உபாத்தியாயர் வேலைக்குக் காவல் எதற்கு?



"சர்க்கார் பள்ளி வாத்தியாரை யார் அசைக்க முடியும்? கற்பித்தாலும் சம்பளம், கற்பிக்காவிட்டாலும் சம்பளம்" என்ற பேச்சை நம் திருவண்ணாமலைக் கடைத்தெருவில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதில் நியாயம் எவ்வளவு என்று சற்று நிதானித்துப் பார்ப்போம்.

சட்டம் சொல்வது என்ன? அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, பதில் சொல்ல இடங்கொடுத்த பிறகே சர்க்கார் ஊழியரைப் பொதுவாக வேலைநீக்கம் செய்யலாம். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் 1973-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இதையொத்த காவலைத் தந்தது. நீக்கவே கூடாது என்பதன்று இதன் பொருள். கேளாமல் நீக்காதே என்பதுதான்.

ஏன் இந்தக் காவல்? ஊர்ப் பெரியவரின் மகன் பரீட்சையில் தவறினால், தவறினான் என்றே எழுத ஆசிரியருக்குத் தைரியம் வேண்டும். நாளைய சோறு அப்பெரியவரின் தயவில் இருந்தால் அது எங்கிருந்து வரும்? ஆகவே இக்காவல் ஏழைப் பிள்ளைக்கும் சேர்த்து அளித்ததாகும். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரேயடியாக நீக்கப்பட்டனர். பெரும்பாலோர் பின்னர் திரும்பச் சேர்க்கப்பட்டனர். வேலைநிறுத்தம் சரியா என்பது வேறு கேள்வி. ஆளுக்கு ஆள் விசாரியாமல் தண்டிப்பது எத்தனை சுலபம் என்பதை அந்நாட்கள் காட்டின.

ஆனால் பிள்ளையின் பொருட்டு ஏற்பட்ட காவலை வைத்துக்கொண்டு வகுப்பில் தூங்குகிறவர், பிள்ளையின் சொத்தைத் திருடுகிறார். அவரை விசாரியாது விடும் அதிகாரியும் உடந்தையே. விசாரணை வருடக்கணக்கில் இழுத்தாலோ, பிள்ளை இழந்த வகுப்பு திரும்பி வராது. விசாரணை வேண்டும், அது விரைவாகவும் நடக்க வேண்டும்.

காவலே இல்லாதவர்களும் உண்டு. 2012-இல் ஓவியம், உடற்பயிற்சி, கம்ப்யூட்டர் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டனர். தொகை பின்னர் உயர்ந்தாலும், நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை தெருவில் நின்றார்கள். நிரந்தர ஆசிரியரை ஏசும் நாம் இவர்களுக்காக ஒரு வார்த்தை பேசினோமா?

நம்மைத் தொடும் விஷயமும் ஒன்றுண்டு. 1986-இல், டில்லியின் ஃப்ராங்க் அந்தோணி பள்ளி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சிறுபான்மையோர் பள்ளி, ஆசிரியரை நீக்க அரசின் முன் அனுமதி பெறத் தேவையில்லை. ஆனால் சம்பளமும் மேல்முறையீட்டு உரிமையும் அதன் ஆசிரியருக்கும் உண்டு என்பது அதன் சாரம். முன் அனுமதி கேட்கச் சட்டம் நம்மை வற்புறுத்தாத இடத்தில், மனச்சாட்சி நம்மை இன்னும் கண்டிப்பாகக் கேட்க வேண்டாமா? தொழிலாளியின் நியாயத்தை 1891-இலேயே எடுத்துரைத்த 13-ஆம் சிங்கராயர் பாப்பரசரின் பிள்ளைகள் அல்லவா நாம்?

ஆதலால் பெற்றோரே, ஆசிரியர்மேல் குறை இருந்தால் திண்ணையில் பேசி விடாதீர்கள். நடந்ததைத் தேதியுடன் எழுதி, கையொப்பமிட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அவர் பதிலையும் பொறுமையாய்க் கேளுங்கள். நம் பிள்ளையை ஒருவர் கேளாமல் அடித்தால் நாம் பொறுப்பதில்லை; ஆசிரியருக்கும் அதே நியாயத்தைக் கொடுப்போம்.