சார்பும் பொருட்டுணிபும்

பலபொருள் குறித்த ஒருசொல்லின் பொருளைத் தெளிதற்கு வினை, இனம், சார்பு என மூன்று வாயில்களை ஆசிரியர் தொல்காப்பியனார் கிளவியாக்கத்துட் கூறினர். மா தளிர்த்தது என்புழி வினையால் அது மரமென்பதும், மாவும் பலாவும் என்புழி இனத்தால் அதுவேயென்பதும் போதரும். உண்கலத்தின் முன்னிருந்தான் சைந்தவங் கொணர்க எனின் உப்பையும், பயணத்திற்கு எழுந்து நின்றான் அங்ஙனங் கூறின் குதிரையையும் ஏவலன் கொணர்வது சார்பினாலாம். இவை சிறுவர்க்கும் விளங்கும்.

சார்பே இருதிறத்தார்க்கும் சான்றாகுமிடத்துத்தான் ஐயம் வலிதாகின்றது. சாந்தோக்கிய உபநிடதத்து ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவுக்கு ஒன்பதுமுறை உபதேசித்த வாக்கியத்தைக் காண்க. முன்நின்ற ஆத்மா என்பதன் இறுதி நெடில், வருமொழி முதல் அகரத்தை உள்ளடக்கியும் அடக்காதும் நிற்றற்கு ஏற்புடைத்து. ஆகவே தத் எனப் பிரிப்பின் 'அது நீ ஆகின்றாய்' என்றும், அதத் எனப் பிரிப்பின் 'நீ அதுவல்லை' என்றும் பொருள்படும். முன்னதைக் கொண்ட அபேதவாதிகள், ஒன்றனை அறிய யாவும் அறியப்படும் என்ற தொடக்கத்தைச் சார்பாகக் காட்டுவர். பின்னதைக் கொண்ட மத்துவரோ, கயிற்றிற் கட்டுண்ட பறவை, கடல்புகும் யாறு முதலிய உவமைகளைச் சார்பாகக் காட்டி, அவை வேற்றுமையையே உணர்த்துமென்பர். அத்தியாயம் ஒன்றே, சான்றும் அதுவே.

ஆகலின், சார்பு நோக்குக என்றவளவில் வழக்கு முடியாது. நூலின்கண் உள்ள சார்பு ஒன்று. ஓதுவானிடத்துள்ள சார்பு மற்றொன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தம். படிகம் தன்னை அடுத்த நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறுபோல, ஒரு மதத்திற் பயின்ற அறிவு அம்மதத்தின் வண்ணத்தை நூலின் வண்ணமெனக் காணும். இது பிறமதத்தார்க்கே உரியதென்று நம்மவர் எண்ணுதல் வியப்பே!

கருடபாவனை செய்வான் கருடனாய் நின்று விடந்தீர்த்தல்போல உயிர் சிவத்தோடு ஒன்றாய் நிற்றலை அவ்வாக்கியம் குறிக்குமென நாம் கொள்ளுகின்றோம். அது நமக்கு முழுதும் உடன்பாடே. ஆயினும் கருடபாவனை அவ்வத்தியாயத்துள் இல்லை. நம் சாத்திரத்தினின்றும் நாம் உடன்கொண்டு சென்றது. ஒரு நூலை மற்றொரு நூலோடு வைத்துணர்தல் குற்றமன்று. உடன்கொண்டு சென்றதை அங்கேயே கண்டெடுத்ததுபோல அவையில் உரைப்பது குற்றம். எதிர்வாதி அதனை நம்மினும் விரைவிற் கண்டுகொள்வான்.

உத்தாலகரே நீரிற் கரைத்த உப்பைச் சுவைக்கச் செய்து காட்டினர். கண்ணுக்குப் புலனாகாது, நீரின் எப்பகுதியிலும் நின்றது அது. நம் வாதத்தை அவ்வுப்பினின்றும் தொடங்கினால், அது நூலின் சார்பன்றென ஒருவரும் தடுக்கார். அவ்வுவமையால் நீரும் உப்பும் ஒன்றென்பது பெறப்படுமா, பிரிப்பரிய இரண்டென்பது பெறப்படுமா என்பதே பின்னர் ஆராயப்படும்.