பெரியவருக்கு ஒரு சட்டம், எளியவருக்கு ஒரு சட்டமா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக இன்றைய தலைப்பைத் தொடங்குகிறேன்.

ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறோம். டீக்கடையில் நாலு பேர் நிற்கிறோம். நாளிதழில் ஒரு செய்தி: ஊழல் வழக்கில் சிக்கிய ஒரு தலைவர் மீது நடவடிக்கை இல்லை. ஒருவர் சொல்கிறார், "பெரிய இடம், அப்படித்தான் இருக்கும்." இன்னொருவர் சொல்கிறார், "விடுங்க பாய், மறுமையில அல்லாஹ் பார்த்துக்குவான்."

முதல் சொல் சலிப்பு என்று நமக்கே தெரியும். இரண்டாவது சொல்தான் சிந்திக்க வேண்டியது. கேட்பதற்கு அது ஈமானைப் போல இருக்கிறது. மறுமையில் அல்லாஹ் விசாரிப்பான் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை, இம்மையில் நம் மீதுள்ள கடமையை இறக்கி வைத்துவிடுமா? இதுதான் இன்றைய கேள்வி.

உஸாமா (ரலி) அவர்களின் சிபாரிசு

மக்கா வெற்றியின் சமயம். ஒரு பெண் திருடிவிட்டார். அவர் சாதாரணக் குடும்பத்துப் பெண் அல்லர். குறைஷிகளில் பெயர் பெற்ற மக்ஸூம் கோத்திரத்தைச் சேர்ந்தவர். குற்றம் நிரூபணமாகிவிட்டது. தண்டனை நிறைவேறினால் கோத்திரத்துக்கே தலைகுனிவு என்று குறைஷிகள் கவலைப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்களிடம் யார் போய்ப் பேசுவது என்று யோசித்தார்கள். கடைசியில் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் உஸாமா? நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரியவர், அன்புக்குரியவரின் மகன். யாருடைய சொல் எடுபடும் என்பது குறைஷிகளுக்குத் தெரியும்.

உஸாமா (ரலி) போய்ப் பேசினார்கள். நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிட்டது. அல்லாஹ் விதித்த தண்டனையின் விஷயத்திலா சிபாரிசு செய்கிறீர் என்று கேட்டார்கள். உஸாமா (ரலி) உடனே தம் தவறை உணர்ந்து, தமக்காகப் பாவமன்னிப்புக் கோருமாறு வேண்டினார்கள். அன்று மாலை நபி (ஸல்) அவர்கள் மக்களிடையே எழுந்து நின்று உரையாற்றினார்கள். முந்தைய சமூகத்தார் அழிந்ததன் காரணத்தைச் சொன்னார்கள்: செல்வாக்குள்ளவர் திருடினால் விட்டுவிடுவார்கள், பலவீனர் திருடினால் தண்டிப்பார்கள். தம் மகள் ஃபாத்திமாவே திருடியிருந்தாலும் இதே தண்டனைதான் என்று சத்தியமிட்டுச் சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் நாம் கவனிக்கத் தவறும் இரண்டு விஷயங்கள் இதில் உள்ளன.

ஒன்று: மறுமையைப் பற்றி நபி (ஸல்) அவர்களை விட உறுதியான நம்பிக்கை கொண்டவர் யார்? அவர்கள் 'விடுங்கள், மறுமையில் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று சொல்லவில்லை. அநியாயக்காரர்கள் செய்வதை அல்லாஹ் கவனிக்காமல் இருக்கிறான் என்று எண்ண வேண்டாம் என்ற கருத்து ஸூரா இப்ராஹீமில் வருகிறது. அது பாதிக்கப்பட்டவனுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குக் கொடுக்கப்பட்ட விடுமுறை அல்ல.

இரண்டு: அழிவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது திருட்டு அல்ல. திருடர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். ஆளைப் பார்த்துச் சட்டத்தை வளைத்ததுதான் காரணம். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வந்தது யார்? கெட்டவர் ஒருவர் அல்ல. எல்லோரும் நேசித்த ஒரு நல்ல மனிதர். சகோதரர்களே, பெரியவர்கள் தப்பிப்பது அவர்களின் பலத்தால் மட்டும் அல்ல. அவர்களுக்காக நல்லவர்கள் போய்ப் பேசுவதாலும்தான்.

"இது எனக்கு வந்த அன்பளிப்பு"

இன்னொரு சம்பவம். இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் கணக்கு ஒப்படைக்கும்போது பொருளை இரண்டாகப் பிரித்தார். இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி இதைப் பொதுமக்கள் முன்னிலையில் பேசினார்கள். அவர் தம் பெற்றோரின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள்.

என்ன ஒரு கேள்வி! பதவிக்கு வந்த பணத்தையும் மனிதனுக்கு வந்த பணத்தையும் பிரித்துக் காட்ட இந்த ஒரு கேள்வி போதும்.

நம் காலத்தில் ஒரு வழக்கு

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மலேசியாவைப் பாருங்கள். நம் ஊர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் போய்ப் பிழைத்த நாடு. அங்கு 2009 முதல் 2018 வரை பிரதமராக இருந்தவர் நஜீப் ரஸாக். 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணம் பற்றிய புகார்கள் எழுந்தன. ஏறக்குறைய 70 கோடி டாலர் அவருடைய சொந்த வங்கிக் கணக்குகளுக்கு வந்ததாக 2015 ஜூலையில் செய்தி வெளியானது.

அதே மாதத்தில் நாட்டின் அட்டர்னி ஜெனரல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கேள்வி எழுப்பிய துணைப் பிரதமரும் பதவி இழந்தார். 2016 ஜனவரியில் புதிய அட்டர்னி ஜெனரல் அறிவித்தார்: குற்றம் எதுவும் இல்லை, அந்தப் பணம் சவூதி அரச குடும்பத்திலிருந்து வந்த நன்கொடை. இப்னுல் லுத்பிய்யாவின் சொல் நினைவுக்கு வருகிறதா?

விஷயம் அத்துடன் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2018 மே 9 அன்று தேர்தல். 1957இல் சுதந்திரம் கிடைத்ததிலிருந்து ஆண்டுவந்த கூட்டணியை மக்கள் தோற்கடித்தார்கள். இரண்டே மாதங்களில் நஜீப் கைது செய்யப்பட்டார். 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சி நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் தொடர்பான வழக்கு முதலில் விசாரணைக்கு வந்தது. அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தது எது தெரியுமா? அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. வாழ்நாள் முழுவதும் உழைத்த ஆசிரியர், செவிலியர், எழுத்தர் ஆகியோரின் முதுமைக்காலப் பணம்.

அவர் குற்றத்தை மறுத்தார். வழக்கறிஞர்களை வைத்து வாதாடினார். அது அவருடைய உரிமை. குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாம் குற்றவாளி அல்லர். 2020 ஜூலை 28 அன்று உயர் நீதிமன்றம் நன்கொடை விளக்கத்தை ஏற்காமல் 12 ஆண்டு சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீடுகள் முடிந்து 2022 ஆகஸ்ட் 23 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றே அவர் காஜாங் சிறைக்குச் சென்றார்.

2016க்கும் 2020க்கும் இடையில் என்ன மாறியது? பணம் மாறவில்லை. வங்கிக் கணக்கு மாறவில்லை. சட்டப் புத்தகமும் மாறவில்லை. நாற்காலி மாறியது. அதை மாற்றியவர்கள் பிரதமரின் பெயரைக் கேட்டாலே ஒதுங்கிப் போகக்கூடிய சாதாரண மக்கள்.

கதை அங்கேயும் முடியவில்லை. 2024இன் தொடக்கத்தில் மன்னிப்பு வாரியம் அந்தத் தண்டனையை 6 ஆண்டாகப் பாதியாக்கியது. அபராதம் 5 கோடி ரிங்கிட்டாகக் குறைந்தது. சட்டப்படி அதற்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் நம் மனசாட்சியில் ஒரு கேள்வி நிற்கத்தான் செய்கிறது. அதே சிறையில் சிறிய திருட்டுக்காக அடைபட்டிருக்கும் ஓர் ஏழைக்காக யார் போய்ப் பேசுவார்கள்? மன்னிப்பு தவறு அல்ல. அது எப்போதும் ஒரே வாசலைத் தட்டிக்கொண்டிருந்தால் அதுதான் தவறு.

ஆகவே, பெரியவர்கள் தப்பித்துவிடுகிறார்களா என்று கேட்டால், ஆம், பல நேரம் தப்பிக்கிறார்கள். அது விதி அல்ல. விடுகிறவர்கள் இருப்பதால் தப்பிக்கிறார்கள்.

நம் பக்கம் திரும்புவோம்

தூரத்து நாட்டுப் பிரதமரைப் பற்றிப் பேசுவது சுலபம். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடையில் ஒருவர் இருக்கிறார். மூன்று வருடமாக வாடகை தரவில்லை. வசதியானவர், ஜமாஅத்தில் செல்வாக்கு உள்ளவர். நிர்வாகத்தில் யாராவது கேட்டால், "அவர் நம்ம ஆளு, சங்கடப்படுத்த வேண்டாம்" என்கிறோம். பக்கத்துக் கடையில் ஓர் ஏழை இரண்டு மாதம் பாக்கி வைத்தால் பூட்டுப் போடுகிறோம். வக்ஃபுச் சொத்து அல்லாஹ்வுக்காக விடப்பட்ட அமானிதம். இங்கே நாம் யார்? சிபாரிசுக்குப் போன குறைஷிகளின் இடத்தில்தானே நிற்கிறோம்?

அரசியலிலும் அப்படித்தான். எதிர்க்கட்சித் தலைவர் மீது வழக்கு என்றால் "சட்டம் தன் கடமையைச் செய்கிறது" என்கிறோம். நம் கட்சித் தலைவர் மீது வழக்கு என்றால் "பழிவாங்கல்" என்கிறோம். ஆதாரத்தைப் படித்துப் பார்த்தோமா? ஸூரா நிஸாவில் அல்லாஹ், நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறான். ஸூரா மாயிதாவில், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்கிறான். அன்பும் நம்மைக் கெடுக்கலாம், வெறுப்பும் கெடுக்கலாம். இரண்டுக்கும் அல்லாஹ் வேலி போட்டிருக்கிறான்.

அப்படியென்றால் யாருக்காகவும் பேசவே கூடாதா? அப்படி இல்லை. மக்ஸூம் குலத்துப் பெண்ணின் கதையில் ஒரு கடைசிப் பகுதி இருக்கிறது. நாம் அதை அதிகம் சொல்வதில்லை. தண்டனைக்குப் பிறகு அந்தப் பெண் அழகிய முறையில் தவ்பா செய்தார், திருமணமும் செய்துகொண்டார். அதன் பிறகு அவர் ஆயிஷா (ரலி) அவர்களிடம் வருவார். அவருடைய தேவைகளை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துச் சொல்வார்கள்.

பாருங்கள், அதே பெண். அவருக்காக இரண்டு பேர் நபி (ஸல்) அவர்களிடம் பேசினார்கள். ஒருவர் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டார், திருப்பி அனுப்பப்பட்டார். மற்றொருவர் ஒரு மனுஷியின் தேவையைச் சொன்னார், அந்த வாசல் திறந்தே இருந்தது. சிபாரிசு எங்கே நிற்க வேண்டும், எங்கே நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? இஸ்லாம் கேட்கும் நீதியில் வன்மம் இல்லை. தண்டிக்கப்பட்டவர் திருந்தி வந்தால் அவரை மதிக்கும் வீடும் இருக்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும் பாய்" என்று கேட்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் ஒருவரின் தேவைக்காகப் பேசப் போகிறேனா, அல்லது இன்னொருவரின் உரிமையை அழிப்பதற்காகப் பேசப் போகிறேனா என்று உங்களையே கேளுங்கள். முதலாவது என்றால் தாராளமாகப் போங்கள். இரண்டாவது என்றால், உஸாமா (ரலி) அவர்கள் தவறை உணர்ந்ததும் என்ன செய்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பிரியமானவர்கள் விஷயத்திலும் நீதியாக நடக்கும் துணிவைத் தருவாயாக. எங்களுக்குப் பிடிக்காதவர்கள் விஷயத்திலும் நேர்மை தவறாத உள்ளத்தைத் தருவாயாக. பொதுச் சொத்தை உண்பதிலிருந்தும், உண்பவருக்குத் துணை போவதிலிருந்தும் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாயாக. ஆமீன்.